மேல்வயலைக் கேட்ட டெப்போ

வைத்தியலிங்கத்தின் வயலுக்குத் தனி வாய்க்கால் கிடையாது. மச்சான் பரணிதரனின் மேல்வயலில் பாய்ந்து நிரம்பும் தண்ணீர்தான் மடை வழியாக இவர் வயலுக்கு இறங்கும். தனியாக ஒன்று வெட்டிக்கொள்ளச் சொல்லி ஊரில் பலரும் சொல்லிப் பார்த்தார்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனிடம் போய் அப்படிப் பிரித்துப் பேசுவதா என்று மனிதர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு வெள்ளந்தி.

தஞ்சாவூருக்கு இலகு ரயில் வருகிறது, அதன் பெட்டிகளை நிறுத்தும் டெப்போவுக்கு இந்த இரண்டு வயல்களில் ஒன்றை நல்ல விலைக்கு எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் பரணிதரன்தான் முதலில் ஓடி வந்தான்.

"விட்டுக் குடுத்துடாதீங்க அத்தான். கருத்துக் கேட்புக் கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லுங்க. நீங்க சொன்னா எடுபடும். நான் உங்க பின்னாடி இருக்கேன்."

செத்தாலும் தரமாட்டேன் என்று வைத்தியலிங்கம் கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தினார். மச்சான் வாயே திறக்கவில்லை. கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

அந்தக் குறுவைக்கு மேல்வயலில் நடவு இல்லை. நிலத்துக்கு ஒரு போகம் ஓய்வு, தண்ணீர் மட்டும் வழக்கம்போல் பாயும் என்றான் பரணிதரன். அதையும் நம்பினார்.

இவர் பயிர் கதிர்விடப் பொதி கட்டி நின்ற வாரம் லாரிகள் வந்தன. மேல்வயல் முழுக்கக் கிராவலைக் கொட்டி மடையையும் மூடிவிட்டார்கள். இந்த நேரத்தில் தண்ணீர் வராமல் நின்றால் அத்தனையும் பதர்தான். வைத்தியலிங்கம் அலறிக்கொண்டு ஓடினார்.

"உங்க நிலத்தைத்தாங்க முதல்ல பார்த்தோம்," என்றார் இன்ஜினியர். "நீங்க முடியாதுன்னீங்க. அன்னிக்கு சாயங்காலமே மேல்வயல்காரரு தானா வந்து தர்றேன்னாரு."

"சரிங்க, தண்ணிக்கு ஒரு குழாயாவது பதிச்சிருக்கலாமே?"

"இது வழியா யாருக்கும் பாசனம் இல்லைன்னாரே உங்க மச்சான்."

நிலத்தை விற்றதைக்கூட வைத்தியலிங்கம் மன்னித்திருப்பார். கூடவே உட்கார்ந்து சாப்பிட்டவன், அவர் பயிர் காயும் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறான். வீட்டுக்குப் போய் மனைவி கமலாம்பாளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நேரே பரணிதரன் வீட்டுக்கு நடந்தார்.

"ஏண்டா அப்படிச் சொன்ன?"

பரணிதரன் தரையைப் பார்த்தான். "பாசனம் இருக்குன்னா வேற இடம் பார்த்திருப்பாங்க அத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தனி வாய்க்கால் வெட்டிக்கிட்டு ஒதுங்கியிருப்பேனேடா!"

பரணிதரன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்காளுக்கு மட்டும் தெரிய வேணாம் அத்தான்," என்றான்.

வைத்தியலிங்கம் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவகிட்ட சொன்னேன்டா. எந்தம்பி அப்படிச் செய்யமாட்டான்னு எங்கூடச் சண்டை போட்டா."