ஆறுவிரல் ஜமீனின் எருமை

எருமைப் படம் வந்த நாளிலிருந்து என் கடை தினமும் அரை மைல் நீண்டுகொண்டிருந்தது. முதல் வாரம் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரைக்குடியில் பழம்பொருள் கடைக்கு இடம் கிடைப்பது அரிது.

சிக்கல் சாப்பாட்டில் தொடங்கியது. நான் உட்காரும் கல்லா கடையின் உள்கோடியில். வாசல் எதிர்க்கோடியில். என் மனைவி மெய்யம்மை தூக்குச்சட்டியோடு வாசலில் நுழைந்து நடக்க வேண்டும். பத்தாம் நாள், நேற்றைய சாம்பார் இன்று வந்தது.

"சாயந்திரத்துக்குள்ள வாசல் அடுத்த தாலுகாவுக்குப் போயிரும்," என்றாள் அவள். "தாலுகா தாண்டிச் சோறு தூக்க என்னால ஆகாது. இன்னைக்கே அந்தப் படத்தத் தள்ளி விட்ருங்க. இல்லாட்டி நீங்களே பொங்கிக்கங்க."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

படத்தை வரைந்தவர் காலஞ்சென்ற வன்னிக்குறிச்சி ஜமீன், ஆறுவிரல் பூபதி. தும்மலுக்கு வரி போட்டவர். தன் முகத்தைக் கோணலாகக் காட்டிய கிணற்றைச் சிறையில் அடைத்தவர். மற்ற நேரங்களில் நீர்வண்ணத்தில் எருமை வரைந்தார். எருமை நன்றாகவே இருந்தது. அதற்காக அதை யாரும் வாங்கப்போவதில்லை.

கீழக்கரை கமால் மரைக்காயர் வந்தார். கெட்டவர்களின் சாமான்களை மட்டும் வாங்குபவர் அவர். அவரிடம் ஒரு கொள்ளைக்காரனின் தலையணையும், ஒரு தளபதியின் பல்குச்சியும் உண்டு. வாசலில் நுழைந்தபோது மழுங்கச் சிரைத்திருந்தார். என்னிடம் வந்து சேர்ந்தபோது தாடி மார்பைத் தொட்டது.

"படம் நல்லாருக்கு செட்டியாரே. ஆளு கெட்டவருன்னு என்ன ஆதாரம்?"

"ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சதுக்கு நான் காசு குடுக்க முடியுமா? காயிதம் வேணும். நல்லவரு வரஞ்ச எருமை எங்க வீட்ல ஏற்கெனவே ரெண்டு இருக்கு. ஜன்னலை அடைக்க வச்சிருக்கோம்."

நல்லவேளையாக, கடை நீண்டதில் பூர்வீகச் சான்று அலுவலகம் ஒன்று ஐந்தாம் நாளே கடைக்குள் வந்துவிட்டிருந்தது. வெண்கல விளக்குகளைத் தாண்டி இடது பக்கம். அதிகாரி தமயந்தி அம்மாள் நான் விற்பனைக்கு வைத்திருந்த பர்மாத் தேக்கு மேஜையில் வேலை பார்த்தார். விலைச்சீட்டு இன்னும் அதில் தொங்கியது.

"கெட்டவர் சான்றா, மிகக் கெட்டவர் சான்றா?"

"என்ன வித்தியாசம் மேடம்?"

"மிகக் கெட்டவருக்கு ரெண்டு போட்டோ."

"அதையே குடுங்க."

"பாதிக்கப்பட்டவர் ஒருத்தர் நேர்ல வரணும்."

"எல்லாரும் செத்துட்டாங்களே."

"படத்துல இருக்கறவர் வரலாம்."

எருமை சட்டத்திலிருந்து இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. தரையில் கொஞ்சம் வண்ணம் சொட்டியது.

"உங்களை அவர் என்ன செஞ்சார்?"

"தெனம் குளிப்பாட்டுவாரு," என்றது எருமை. "தவிடு கரைச்சு வெப்பாரு. எனக்கு ஒரு கொம்பு கோணல். படத்துல நேராக்கிட்டாரு."

"பாருங்க மேடம், பித்தலாட்டம்," என்றேன் நான்.

"அது மரியாதை," என்றது எருமை.

தமயந்தி அம்மாள் 'நல்லவர்' என்று எழுதினார். மை காயும்வரை ஊதினார்.

மரைக்காயர் செருப்பைத் தேடினார். வாசல் தாலுகா எல்லையிலிருந்து நான்கு அடியில் இருந்தது. ஐந்து மைல் தள்ளியிருந்தும் மெய்யம்மையின் குரல் பக்கத்தில் கேட்டது.

"வித்தாச்சா?"

நான் தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தேன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கையை விட்டு விரல் நீட்டுவார்கள். விரலுக்குப் பத்தாயிரம். படத்தில் இருப்பது எருமை என்பதால் இங்கேயும் அது செல்லும். துண்டைத் தூக்கி உள்ளே பார்ப்பது மட்டும் கூடாது. பார்த்தவனுக்கு அதற்குப் பிறகு சந்தையில் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள்.

"காயிதம் கெடக்கட்டும். கையப் போடுங்க," என்றேன்.

ஒரு கை உள்ளே வந்தது. குளிர்ந்த கை. இரண்டு விரல் நீட்டியது. தட்டிவிட்டேன். மூன்று. தட்டிவிட்டேன். நான்கு. எருமை பேசும் என்பதை நினைவூட்ட உள்ளங்கையைச் சுரண்டினேன். ஐந்து.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றேன்.

ஆறாவது விரலும் வந்தது. என் அனுபவத்தில் இவ்வளவு தாராளமான கையைப் பிடித்ததில்லை. ஆறையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். பிடித்தால் பேரம் முடிந்தது.

"முடிஞ்சுது," என்றேன்.

"யார்ட்ட?" என்றார் மரைக்காயர். அவர் இரண்டு கைகளாலும் தாடியைக் கோதிக்கொண்டிருந்தார்.

துண்டிலிருந்து கையை எடுத்தேன். என் கையில் ஆறு விரல்கள் இருந்தன. வாங்கியவர் விலையை விரலாகவே கொடுத்திருந்தார். சுவரில் சட்டத்தைக் காணோம். எருமை எழுந்து, "எசமான் கூப்புட்றாரு," என்று சொல்லி வணங்கிவிட்டுச் சுவருக்குள் போய்விட்டது.

கடை பத்தடியாகச் சுருங்கியது. வெண்கல விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. தமயந்தி அம்மாள் மேஜையோடு கல்லாவை ஒட்டி வந்து நின்றார். என் கையை எண்ணினார். மறுபடி எண்ணினார். மிகக் கெட்டவர் படிவத்தை எடுத்து, புது விரலில் மை தடவி ரேகை பதித்தார்.

"போட்டோ இல்லையே மேடம்."

"தேவையில்ல. நீங்களே இருக்கீங்களே."

வாசல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே மெய்யம்மை தூக்குச்சட்டியோடு நின்றாள். மூடி இடுக்கில் ஆவி பறந்தது. முருங்கைக்காய் சாம்பார். இன்றைய சாம்பார். நான் கை கழுவினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரமாயிற்று.

மரைக்காயர் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு சாப்பிடற சட்டி?"

"ஆறுவிரல்காரருடையது," என்றார் தமயந்தி அம்மாள். "சான்று இருக்கு."

"உள்ள இருக்கறதும்?"

"அதுவும்."

மரைக்காயர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மெய்யம்மை என்னிடமிருந்து துண்டை உருவி விரித்துவிட்டாள். அந்நிய ஆணின் கையைத் தொடக்கூடாதென்று சாம்பார்க் கரண்டியை உள்ளே நீட்டினாள். மரைக்காயர் அதைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். துண்டு இரண்டு முறை அசைந்தது.

"சட்டிக்கு அது சரிதான்," என்றாள் அவள். "சூட்டுக்குத் தனியாப் புடிங்க."