தாய்மாமன் கொடுத்த லைன்

தாண்டவராயன் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து மகளின் குரல் கேட்டது. "வணக்கம், சொல்லுங்க சார். டாக்டர் சாயந்தரம் இருப்பாங்க சார்." முகம் தெரியாத எவனுக்கோ அவள் இவ்வளவு பணிந்து பேசுவது ஆரம்பத்தில் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. அந்தக் குரல் கேட்கிறவரைக்கும் மகள் வீட்டில் இருக்கிறாள். வேறென்ன வேண்டும்?

செவ்வந்தியின் புருஷன் வாலாஜாபாத் ரோட்டில் லாரி மோதிச் செத்தான். தத்தி நடக்கும் குழந்தை அம்முலுவோடு அவள் அப்பன் வீட்டுக்கே வந்துவிட்டாள். காவாந்தண்டலம் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டின சின்ன ஊர் அது. அங்கே உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை பிடித்தாள். ஆஸ்பத்திரிகளுக்கு வரும் போனுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பதில் சொல்லும் வேலை. கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்கள்: லைன் அறுந்துகொண்டே இருந்தால் வீட்டிலிருந்து செய்ய முடியாது, சென்னைக்கு வந்து ஆபீசில்தான் உட்கார வேண்டும். சென்னை என்றால் ஹாஸ்டல். ஹாஸ்டலில் குழந்தைக்கு இடமில்லை.

ஆகவே எல்லாம் அந்த லைனில்தான் இருந்தது.

ஊரில் இரண்டு லைன் கிடைத்தது. ஒன்று ஏகாம்பரத்துடையது. ஏகாம்பரம் தாண்டவராயன் பெண்சாதி கோவிந்தம்மாளின் தம்பி, செவ்வந்திக்குத் தாய்மாமன். கேபிள் டி.வி. நடத்திக்கொண்டிருந்தவன், இப்போது மொட்டைமாடியில் ஆன்டெனா நட்டு இன்டர்நெட்டும் விற்றான். அவன் ஒயர் புளியமரத்தில் ஒரு கட்டு, வேப்பமரத்தில் ஒரு கட்டு என்று தொங்கிக்கொண்டு வரும். இன்னொன்று ஏரிக்கரை ரோட்டோடு வந்த ஃபைபர் லைன். அதன் பெட்டி இருளர் குடியிருப்பில், காளியம்மாள் வீட்டு வாசல் கம்பத்தில் இருந்தது. காளியம்மாள் தாண்டவராயன் நிலத்தில் நாற்று நடுகிறவள். அவள் மகள் நதியா அந்த லைனை வைத்துத்தான் பரீட்சைக்குப் படித்தாள்.

"நைனா, நதியாவக் கேட்டேன். மழ பெஞ்சாக்கூட நிக்கறதில்லயாம். அத்தயே போடலாம்" என்றாள் செவ்வந்தி.

"அவ வூட்டு வாசக் கம்பத்துலர்ந்து என் வூட்டுக்கு ஒயரு வரணுமா? நல்லா கீது போ!"

"ஒயருதான நைனா?"

"ஒயரோ கயிறோ. ஒம்மாமன் கடைய வச்சிக்கினு குந்திருக்கும்போது வெளியாளுகிட்ட வாங்கினா அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? அண்ணன், தம்பி ஒனக்கு இல்ல. நாளிக்கி அம்முலுக்குக் காது குத்த மடி குடுக்கறவன் அவன்தான்."

பேச்சு அதோடு முடிந்தது. தாண்டவராயன் யாரையும் லேசில் நம்புகிறவர் அல்ல. உரக்கடைக்காரனை நம்பமாட்டார், வங்கிக்காரனை நம்பமாட்டார். ஆனால் சொந்தக்காரன் என்றால் மட்டும் கேள்வி கேட்கமாட்டார். காளியம்மாளுக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டுக்கொட்டகைக் கூரையோரத்தில் தனிச் சொம்பு செருகி வைத்திருந்தார். அதையும் அவர் என்றைக்கும் கேள்வி கேட்டதில்லை.

வெயில் காலம் ஒருமாதிரி ஓடிவிட்டது. ஐப்பசி பிறந்ததும் வீட்டில் ஏகாம்பரம் மாட்டியிருந்த பெட்டியின் பச்சை விளக்கு அடிக்கடி சிவப்பாயிற்று. செவ்வந்தி மாமனுக்குப் போன் போட்டாள்.

"அது ஒண்ணுமில்லம்மா. ஒயரு மேல காக்கா ஒக்காந்திருக்கும். பறந்துச்சின்னா லைன் வந்துரும்."

"நேத்துலர்ந்து அதே காக்காவா மாமா ஒக்காந்துக்கினு கீது?"

ஏகாம்பரம் சிரித்தான். "ஒன் வாய்க்கு ஒரு கம்பெனி போதாதும்மா" என்றான். அவன் வரவில்லை. அவனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. மாமன்காரன் லைனை அக்கா மகள் வெட்டமாட்டாள் என்று தெரியும், அதுதான். விட்டுப் போகமாட்டார்கள் என்று தெரிந்தால் எந்த வியாபாரி ஓடி வருவான்?

கம்பெனியில் இரண்டு தடவை கண்டித்தார்கள். இரண்டாம் தடவை மேலதிகாரிப் பெண் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை முழு நாளும் உங்க லைனை நாங்க கவனிப்போம். அன்னிக்கு அறுந்தா நீங்க சென்னை வந்துடணும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

செவ்வந்தி அப்பனிடம் அழுதாள். "வெள்ளிக்கெழமைக்குள்ள அந்த லைன் போட்டுரலாம் நைனா. மாமன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"ஒருநா பொழுதுக்காவ ஒறவ அறுப்பியா? அவன்கிட்ட நான் சொல்றேன், கெட்டியா கட்டி வுடுவான்."

சொன்னார். அவனும் சரி என்றான். வெள்ளிக்கிழமை பழையசீவரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான்.

அன்றைக்குக் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. நாஷ்டாகூடத் தின்னாமல் செவ்வந்தி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் குரல் கேட்டது. பிறகு புளியமரத்துக் கிளை ஒன்று முறிந்து தெருவில் விழுந்தது. ஒயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. குரல் நின்றது.

மாமன் போனை எடுக்கவில்லை. கைபேசியில் பேசலாமே தவிர இன்டர்நெட் வீட்டுக்குள் எப்போதும் வந்ததில்லை, மாடிக்குப் போனால் மழை. அவள் குடியிருப்புச் சந்துவரை ஓடிப்போய், வருகிறேன் என்று காளியம்மாளிடம் ஒரு வார்த்தை சொன்னாள். திரும்பி வந்து லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"எங்க?" என்றார் தாண்டவராயன்.

"காளியம்மா வூட்டுக்கு. அங்க லைன் ஓடிக்கினு கீது. பொழுது சாயற வரிக்கும் அங்க குந்திக்கிறேன் நைனா."

"ஊர் பாக்க, என் பொண்ணு அவங்க வூட்ல போயி குந்தறதா?"

"வேல போயிரும் நைனா!"

"போனா மயிரே போச்சி. அந்தப் படிய மிதிச்சிட்டு இந்தப் படிய மிதிக்காத."

அவள் மழையில் நின்றாள். உள்ளே அம்முலு அம்மாவைத் தேடி அழுதது. நின்றவள் அப்பனைப் பார்த்தாள், குடியிருப்புப் பக்கம் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் வேறு எங்கே போவாள்? பிள்ளையோடு படுக்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான். அது தெரிந்துதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

திங்கட்கிழமை சென்னைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

குழந்தை தூங்கும்போதே கிளம்பினாள். பஸ் நிறுத்தம்வரை பையைத் தாண்டவராயன்தான் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் ஏறும்போது சொன்னாள்: "மாமன் மேல எனக்குக் கோவமில்ல நைனா. யாரு லைன்னு கேட்டியே, ஓடுமான்னு ஒரு தபா கேட்டியா?"

பஸ் போய்விட்டது.

அம்முலு கண் விழித்து வீடு முழுக்கத் தேடிற்று. நெல் மூட்டைக்குப் பின்னால் பார்த்தது. கதவுக்குப் பின்னால் பார்த்தது. லேப்டாப் இருந்த மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கோவிந்தம்மாள் சோறு பிசைந்து வைத்துக்கொண்டு கெஞ்சினாள். பேத்தி வாய் திறக்கவில்லை. கோவிந்தம்மாள் புருஷனைத் திட்டவில்லை, அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாளும் தூறிக்கொண்டிருந்தது. தாண்டவராயன் குடை இல்லாமல் ஏரிக்கரைக்கு நடந்தார். காளியம்மாள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை, அவரைக் கூப்பிட்டு அவளுக்குப் பழக்கமில்லை. அவராகவே குனிந்து உள்ளே போனார். மூலையில் நதியா படித்துக்கொண்டிருந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது, பெட்டியில் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"எனக்கு இந்த லைன் வேணும் காளிமா" என்றார்.

"கம்பம் என்னுதா ஐயா? ஆபீசுக்கு நதியாவ வுட்டு போன் பண்ணச் சொல்றேன்." அப்புறம் அவளே சொன்னாள். "அன்னிக்கி செவ்வந்தி பாப்பா வர்றேன்னு சொல்லிச்சி. பாய் போட்டு வச்சிருந்தோம். அது பக்கமா ஃபேனத் திருப்பி வச்சா நதியா. இருட்டற வரிக்கும் பாத்துக்கினு இருந்தோம் ஐயா."

அவருக்கு அங்கேயே உட்கார்ந்துவிடவேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தார்.

லைன் வந்தது. ஏகாம்பரம் முறுக்கிக்கொண்டான். "என் மடி தேவையில்லன்னு சொல்லிட்டீங்க, நல்லது" என்றான். செவ்வந்தி கம்பெனியில் கேட்டுப் பார்த்தாள். நல்ல லைன் வந்துவிட்டது, வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று. இரண்டு தடவை கண்டித்தாயிற்று, உங்களுக்கு இனி அந்த ஏற்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே அந்த நல்ல லைன் ஒரே காரியத்துக்குப் பயன்பட்டது. சாயங்காலம் வேலை முடிந்து செவ்வந்தி வீடியோவில் கூப்பிடுவாள். முதல் நாள் அவள் முகம், துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி தெரிந்தது. நடுங்கவில்லை, நிற்கவில்லை. அம்முலு கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திருப்பி அதன் முதுகைப் பார்த்தது. மறுபடி முகத்தைப் பார்த்தது.

"அம்மா, வெளிய வா" என்றது.

அந்தப் பக்கம் செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தாண்டவராயன் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போனார். கூரையோரத்தில் செருகியிருந்த சொம்பை உருவி எடுத்துத் தூர எறிந்தார். அதனால் யார் திரும்பி வரப்போகிறார்கள் என்று நின்றார்.

பின்னொரு நாள் டீக்கடையில் ஊர்க்காரன் பெருமாள் கேட்டான். அவன் பிள்ளைக்கு வீட்டில் இருந்தபடியே ஏதோ வேலையாம்.

"பெரியவரே, எங்க பங்காளி ஒருத்தன் லைன் குடுக்கறான். வாங்கலாமா? நம்ம ஆளு."

தாண்டவராயன் கிளாசைக் கீழே வைத்தார். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

"நம்ம ஆளான்னு பாத்துதான் நான் வாங்கினேன். எம்பொண்ணு கண்ணாடிக்குள்ள கீறா. மழ பெய்யிற அன்னிக்கி, யாரு வூட்ல லைன் ஓடுதோ அவங்க வூட்டுப் படியேறிப் பாரு. அறுந்தா வந்து கட்டுறவன் எவன்னு கேளு. அது எந்தத் தெருவா இருந்தாலும் போ. சாதியும் சொந்தமும் பாத்து எதயும் வாங்காத பெருமாளு. வெல நீ குடுக்கமாட்ட, ஒன் பேரப்புள்ள குடுக்கும்."