தினமும் வந்துபோகும் நோயாளி

"தோள் வலி உயிர் போகுது. கையைத் தூக்க முடியல. உங்க ஆஸ்பத்திரியில எனக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் போட்டுக் குடுங்களேன்" என்று மனைவி கேட்டதும் போன் டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. போன் டாக்டர் என்றால் வைத்தியர் அல்ல. ஆஸ்பத்திரியின் இணையதளம் எல்லா போன்களிலும் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். ஆபீசில் கேலியாக வைத்த பெயரை மனுஷன் விருது மாதிரி சுமந்துகொண்டிருந்தார்.

"நான் எதுக்கு? எந்த போன்லயும் வேலை செய்யற சைட்டும்மா அது. நீயே ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சுது."

"என் போன்ல பட்டன் வரலையே."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

அத்தோடு வைத்தியம் முடிந்தது. அவர் மனசு முழுக்க வேறொரு நோயாளி இருந்தார். யார் யார் எந்த போனிலிருந்து தளத்துக்கு வருகிறார்கள் என்ற கணக்கைப் பார்த்தபோது அகப்பட்டவர் அவர். கடைக்காரர்களே மறந்துபோன ஒரு பழைய மாடலிலிருந்து தினமும் காலையில் யாரோ ஒருவர் வருகிறார், பார்க்கிறார், அப்பாயின்ட்மென்ட் போடாமல் போய்விடுகிறார்.

"அந்த மாடலைக் கைகழுவிடலாம். ஒரே ஒரு ஆளுக்காக எவ்வளவு காலம் மல்லுக்கட்டறது?" என்றார் ஆபீசில் மேனேஜர் அம்மா.

போன் டாக்டர் எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசியிருக்கலாம், ஆனால் ஆவேசம் வந்தால் அவருக்கு நாற்காலி கொள்ளாது. "மேடம், அந்த ஒரு ஆளு யாருன்னு யோசிச்சீங்களா? வேற போன் வாங்க வழியில்லாத மனுஷன். என்ன வலியோ, என்ன அவஸ்தையோ! தினமும் வந்து பாத்துட்டு போட முடியாம போறாரே, நமக்கெல்லாம் மனசாட்சி வேண்டாமா?" கடைசி வார்த்தையில் குரல் உடைந்து, கண்ணில் நீரே வந்துவிட்டது. பக்கத்திலிருந்த டிசைனர் பெண் கைக்குட்டையை நீட்டினாள்.

"சரி சரி. அவர் யாருன்னு கண்டுபிடிங்க. நிஜமான ஆளா இருந்தா அந்த மாடலை வச்சுக்கலாம்" என்று மேனேஜர் அம்மா இறங்கி வந்தார்.

அந்த மாடலில் திறந்தால் மட்டும் தெரியும்படி போன் டாக்டர் ஒரு செய்தி எழுதினார். 'அன்புள்ள ஐயா, அல்லது அம்மா. உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். நாங்கள் இருக்கிறோம். உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.' பார்வை மங்கியவராக இருந்தால் காதிலாவது விழட்டும் என்று ஒரு மணியோசையும் சேர்த்தார். தன் கருணையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

அன்று மாலை மனைவி வெளியிலிருந்து சோர்ந்துபோய் வந்தாள். "உங்க ஆஸ்பத்திரிக்கு நேர்லயே போய்ப் பாத்தேங்க. ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டு, ஆன்லைன்ல போட்டுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"நாளைக்குப் பாக்கலாம்மா. காலையில ஒரு முக்கியமான நோயாளி கூப்பிடுவாரு, நான் சீக்கிரம் போகணும்."

மறுநாள் மொத்த ஆபீசும் அவர் மேஜையைச் சுற்றி நின்றது. மேனேஜர் அம்மாகூட வந்துவிட்டார். எல்லோரும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருக்க, மணி அடித்தது. தொலைபேசியில் அல்ல, மேஜை இழுப்பறைக்குள்.

இழுத்தார். சோதனைக்காகச் சேர்த்து வைத்திருந்த பழைய போன்களின் குவியலுக்கு அடியில், சார்ஜர் ஒயரோடு ஒன்று மினுக்கியது. 'அன்புள்ள ஐயா, அல்லது அம்மா.' தினமும் காலையில் தானாகவே தளத்தைத் திறந்து பார்க்கும்படி எப்போதோ அவரே செய்து வைத்துவிட்டுச் சுத்தமாக மறந்துபோன ஏற்பாடு. அட கடவுளே! தனக்குத் தானே ஆறுதல் சொல்லி, தனக்காகத் தானே அழுதிருக்கிறார். டிசைனர் பெண் கைக்குட்டையை இந்த முறை தன் வாயில் அடைத்துக்கொண்டாள்.

மானம் போனால் போகிறது என்று வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் நடித்தே காட்டினார். தன்னைக் கேலி செய்துகொள்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே "அம்மா!" என்று முடிந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அவள் போனைக் கையில் வாங்கித் தளத்தைத் திறந்தார். எழுத்துகள் ஒவ்வொன்றும் பட்டாணி அளவு இருந்தன. அந்தப் பருமனில் பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது, தள்ளினாலும் மேலே வரவில்லை. அவர் இழுப்பறையில் இல்லாத போனே இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் எழுத்து கடையிலிருந்து வந்த அளவிலேயே இருந்தது. பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

"எழுத்தை எதுக்கு இவ்வளவு பெருசா வச்சிருக்கே?"

"சின்னதா இருந்தா தெரியலன்னு சொன்னேனே. நீங்க காதுல வாங்கினாத்தானே?" என்றாள். கோபம்கூட இல்லை. "தினமும்தான் திறந்து பாக்கறேன். போட முடியல. மூடி வச்சிடறேன்."

அவருக்குச் சுருக்கென்றது. இதையேதான் யாரோ முகம் தெரியாதவருக்காக எழுந்து நின்று முழங்கியிருந்தார். எழுத்தைச் சிறிதாக்கி, அவள் பெயருக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டு, போனை அவள் மடியில் வைத்தபோது திரையெல்லாம் ஈரமாக இருந்தது.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அழாதீங்க. துடைச்சு விடலாம்னா எனக்குக் கை எழும்பல."