கத்தரிக்கோல் என்றால் வேண்டாம்

தாயில்பட்டி உக்கிரபாண்டிக்கு வாதம் அடித்தது ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில். கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தவர், வடக்கயிறு கையை விட்டு நழுவ, அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். சாத்தூரில் மிஷன் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்து எழுந்தபோது வலது கை தொங்கிப்போயிருந்தது. காலை இழுத்து இழுத்து நடக்க முடிந்தது. பேச்சுதான் போய்விட்டது. முழுதாகப் போயிருந்தால்கூடத் தேவலை. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சி நின்றது: 'சரி'.

தண்ணீர் வேண்டும் என்று மனசுக்குள் தெளிவாக இருக்கும். வாயைத் திறந்தால் "சரி" என்று விழும். கோபத்தில் கத்தினாலும் "சரி, சரி!" எழுத்தில் கையெழுத்துப் போட மட்டும்தான் அவருக்குத் தெரியும், இடது கையால் அதுவும் வரவில்லை.

அந்தச் சொல் முதலில் கொண்டுபோனது அவருடைய மீசையை. சவரம் செய்ய வந்த முனியசாமி, "மீசையையும் எடுத்துரட்டுமாய்யா? மேலுக்கு முடியாதவுகளுக்கு அது ஒரு பாரம்" என்று கேட்டான். உக்கிரபாண்டி பதறிப்போய், "சரி, சரி!" என்று கத்தினார். இரண்டே இழுப்பில் வேலை முடிந்தது. அடுப்படியிலிருந்து வந்த வெள்ளைத்தாய் புருஷனைப் பார்த்துவிட்டு வாயில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரிப்பு மட்டும் பழைய மாதிரியே வெளியே வந்தது.

ஆனால் ஆடியில் நடந்தது சிரிக்கிற விஷயமாக இல்லை. சிவகாசியிலிருந்து ஒரு பட்டாசுக் கம்பெனிக்காரர் கொட்டகை போட நிலம் தேடி வந்தார். உக்கிரபாண்டியின் தம்பி கருப்பணன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, கிணத்துக்காட்டை இவுகளுக்குக் குடுத்துரலாம்னு பாக்கேன். நீங்க இனிமே கமலை இறைக்க முடியாது. நான் ஒத்த ஆளு எம்புட்டைத்தான் பாக்க?"

கிணற்றுக்காடு தகப்பனாரும் அவரும் சேர்ந்து பாறை உடைத்துத் தண்ணீர் கண்ட காடு. உக்கிரபாண்டி கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். "சரி! சரி! சரி!"

"பாத்தீகளா மதினி? அண்ணனே ஒத்துக்கிட்டாக."

கருப்பணன் கெட்டவன் இல்லை. கேட்டதை நம்பினான், அவ்வளவுதான். வெள்ளைத்தாய்க்குத்தான் மனசு ஒப்பவில்லை. புருஷன் கண்ணில் நீர் முட்டி நின்றதை அவள் பார்த்திருந்தாள்.

அடுத்த வாரம் காட்டிக்கொண்டு வர ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நர்ஸ் ஞானபூரணியிடம் அதைச் சொன்னாள். நர்ஸம்மா மேசைமேல் ஒரு டம்ளர், ஒரு சீப்பு, ஒரு சாவி மூன்றையும் வைத்தாள்.

"ஐயா, சீப்பு எது?"

உக்கிரபாண்டி இடது கையால் தொட்டார்.

"சாவியை எடுத்து டம்ளருக்குள்ள போடுங்க."

போட்டார்.

"புத்தியில ஒரு குறையும் இல்லைம்மா" என்றாள் ஞானபூரணி. "எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. சொல்லு வெளிய வர்ற பாதைதான் அடைபட்டுப் போச்சு. அந்தச் 'சரி'யை மட்டும் நம்பாதீங்க. படம் படமா முன்னால வைங்க. அவங்க தொட்டுக் காட்டட்டும்."

"படத்துக்கு எங்கனம்மா போக?"

"சிவகாசிப் பக்கத்துல இருந்துக்கிட்டுப் படத்துக்கா பஞ்சம்?"

உக்கிரபாண்டி நர்ஸம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மாதத்தில் அவரைப் பற்றிப் பேசாமல் அவரிடமே பேசிய முதல் வெளியாள் அவள்தான்.

வெள்ளைத்தாயின் தம்பி சங்கையா சிவகாசியில் அச்சாபீஸில் வேலை பார்த்தான். வர்ணம் விலகிக் கழித்துப்போட்ட தீப்பெட்டி லேபிள்களைக் கத்தையாகக் கொண்டுவந்தான். வெட்டி, அட்டையில் ஒட்டி, ஒரு வேட்டித் துண்டில் பரப்பினார்கள். சிங்கம், சேவல், குடம், பனைமரம், ரயில், விளக்கு, கத்தரிக்கோல். சோற்றுக்கோ மோருக்கோ படம் இல்லை. தீப்பெட்டியில் அதையெல்லாம் யார் போடுவார்கள்? ஆகவே எதற்கு எது என்று அவர்களாகவே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. குடம் தண்ணீருக்கு. விளக்கு என்றால் வேண்டும், ஆமாம். கத்தரிக்கோல் என்றால் வேண்டாம். உக்கிரபாண்டி தானாகவே சிங்கத்தை எடுத்து, அடுப்படிப் பக்கம் நீட்டினார்.

"எக்கா, சிங்கம் நீதானாம்!" சங்கையா உருண்டு உருண்டு சிரித்தான்.

எடுத்த எடுப்பில் ஒன்றும் சரியாக வந்துவிடவில்லை. மூன்று நாள் விளக்கும் கத்தரிக்கோலும் அவருக்குக் குழம்பின. ஒரு தடவை அட்டைகளை அள்ளி முற்றத்தில் வீசினார். வெள்ளைத்தாய் பொறுக்கி எடுத்து, தூசி தட்டி, மறுபடி பரப்பினாள். நாலாம் நாள் மத்தியானம், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றப் போனாள். அவர் இடது கையைக் கத்தரிக்கோல்மேல் வைத்து அழுத்தினார்.

"வேண்டாமா? உப்புக் கூடிப்போச்சா?"

விளக்கைத் தொட்டார்.

தன் சமையலைக் குறை சொன்னதற்காக அவள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

ஆவணியில் கம்பெனிக்காரர் பத்திரம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். கருப்பணன் அண்ணன் கட்டைவிரலில் தடவ மைப்பெட்டியைத் திறந்தான். "கொழுந்தனாரே, கொஞ்சம் பொறுங்க" என்று வெள்ளைத்தாய் துண்டை விரித்தாள். "இப்பக் கேளுங்க."

"அண்ணே, கிணத்துக்காட்டைக் குடுக்கச் சம்மதந்தானே?"

உக்கிரபாண்டி குடத்தை எடுத்து வைத்தார். அதன்மேல் கத்தரிக்கோலை வைத்தார்.

"தண்ணியுள்ள காட்டைக் குடுக்க வேண்டாங்காக" என்றாள் வெள்ளைத்தாய்.

கருப்பணன் முகம் சுண்டிப்போயிற்று. "அன்னைக்குச் சரின்னீகளே அண்ணே?"

உக்கிரபாண்டி கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். அவர் இன்னும் முடிக்கவில்லை. துண்டில் கொஞ்ச நேரம் தேடி, பனைமரத்தை எடுத்து வைத்தார். பக்கத்தில் விளக்கை வைத்தார். அப்புறம் கம்பெனிக்காரரைப் பார்த்து விரலை நீட்டினார்.

கருப்பணன்தான் முதலில் புரிந்துகொண்டான். "பனங்காடு! மேற்க கெடக்கிற நம்ம சரளைக்காட்டைக் குடுக்கச் சொல்லுதாக!"

அங்கே எதுவும் விளையாது. ஊரைவிட்டு எட்டத்தில் இருந்தது. வெடிமருந்துக்கு அதுதான் தோது. கம்பெனிக்காரர் அப்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது" என்றார். கருப்பணன் மைப்பெட்டியை மூடிவைத்துவிட்டு அண்ணன் காலடியில் உட்கார்ந்தான். "இத்தனை நாளும் உங்களுக்கு வெளங்கலைன்னு நெனைச்சுட்டேனே அண்ணே" என்று அழுதான். உக்கிரபாண்டி அவன் தலையில் கை வைத்தார். அதற்கு அட்டை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

புரட்டாசியில் நல்ல மழை. கிணற்றுக்காட்டில் பருத்தி விதைக்க ஏர் பூட்டி நின்றது. கருப்பணன் வரப்பில் துண்டை விரித்து, "ஊடுபயிர் என்ன போடலாம்ணே?" என்று கேட்டான். அதற்கான படம் இருக்கவில்லை.

"உளுந்தா?" கத்தரிக்கோல்.

"பாசிப்பயறா?" கத்தரிக்கோல்.

வெள்ளைத்தாயும் சேர்ந்துகொண்டாள். "தட்டாம்பயறா? கொத்தமல்லியா?"

மாடுகள் நின்ற இடத்திலேயே அசைபோட்டுக்கொண்டிருந்தன. வெயில் ஏறியது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கருப்பணன், "தொவரையாண்ணே?" என்று கேட்டதும் விளக்கு அட்டை வரப்பில் மூன்று தடவை தட்டப்பட்டது.

"அதானே!" என்று சொல்லிவிட்டுக் கருப்பணன் விதைப்பெட்டியை எடுக்கப் போனான்.