தடை தெரிந்தவர்கள்

இத்தாலியில், பலெர்மோ நகரின் போர்கோ வெக்கியோவில் ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூட்டம். கொழும்பிலிருந்து தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பலெர்மோவுக்குத் துணைத்தூதராக அனுப்பப்போகிறவரைப் பற்றி, நியமனத்துக்கு முன்னர் இங்குள்ள சனத்திடம் விசாரிக்க வேண்டுமாம். சுத்தக் கண்துடைப்பு. சங்கத் தலைவர் சூசைதாசன், "எல்லாரும் நல்லவர் எண்டு சொல்லுங்கோ, இனிப் பாஸ்போட்டுக்கு ரோமுக்கு அலையத் தேவையில்லை" என்று முதலே சொல்லிவைத்துவிட்டார். ஆளையே காணாமல் நற்சான்று! சூசைதாசனின் மனைவி றோசமலருக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மகள் ஜெசிக்காவின் பாஸ்போட் முடியப்போகிறது. அது இல்லாமல் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. வாயை மூடிக்கொண்டு ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தாள்.

அதிகாரி கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். "இவர்தான். ஆருக்கும் ஏதும் ஆட்சேபனை இருக்கோ?"

றோசமலர் ரோல்ஸ் தட்டோடு குனிந்து படத்தைப் பார்த்தாள். தலை நரைத்துக் கோட்டுச் சூட்டுப் போட்டால் முகம் மறந்துபோகுமா? சண்டைக் காலத்தில் மன்னாரில் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து, அவளுக்குப் பக்கத்திலிருந்த தம்பி சாந்தனை இறக்கியவன். "ரெண்டு கேள்வி கேட்டிட்டு விட்டிடுவம், அக்கா" என்று உடைந்த தமிழில், சிரித்துக்கொண்டே சொன்னவன். பொழுதுபடும்வரை அவள் அந்த றோட்டில் நின்றாள். தம்பி வரவேயில்லை.

"தடை இருக்கு" என்றாள், தட்டை அதிகாரி முன்னால் வைத்துவிட்டு.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கலியாணத்துக்கு முதல் மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். யாரும் எழும்பிச் சொல்லி அங்கிருந்தவர்கள் கண்டதில்லை. கேட்பது சடங்கு, பேசாமலிருப்பது மரியாதை. அந்த மரியாதையைத்தான் சூசைதாசனும் நம்பியிருந்தார்.

"விசரி, பேசாமல் இரு!" அவர் பல்லைக் கடித்தார். "பிள்ளையின்ரை பாஸ்போட்..."

"உங்கடை மச்சானைப் பிடிச்சவன் இவன்தான். இவனையோ நல்லவர் எண்டு சொல்லச் சொன்னனீங்கள்?"

அதிகாரி குறுக்கிட்டார். "அம்மா, ஆதாரம் ஏதும் இருக்கோ?"

றோசமலர் கைபேசிப் படத்தைக் காட்டினாள். "ஆதாரம் அவரிட்டைத்தான் இருக்கு. கூட்டிக்கொண்டு போனது அவர்."

பின்வரிசையில் அகஸ்ரீனா எழும்பினாள். "எனக்கும் தடை இருக்கு. என்ரை மனுசன் வந்த பஸ்ஸையும் அங்கைதான் மறிச்சவை."

அதிகாரி அவசரமாகப் படத்தை அணைத்தார். "நீங்கள் பிழையா விளங்கிக்கொள்ளுறியள். ஒருக்கால் அவரோடை நேரிலை கதைச்சால் எல்லாம் தெளிவாகும். ஒழுங்கு செய்யட்டோ?"

"ஓம், செய்யுங்கோ." றோசமலர் அவர் முன்னாலிருந்த ரோல்ஸ் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். "இஞ்சை, இந்தக் கதிரையிலை கொண்டுவந்து இருத்துங்கோ. பயப்பிடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ரெண்டு கேள்வி கேட்டிட்டு விட்டிடுவம்."