பேர் வெட்டிய தூக்கு

முத்தாலம்மாளுக்குப் பிடரி வலி பொறுக்க முடியவில்லை. கோவளத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பெருங்களத்தூரில் இறங்கி, மீன் கூடையைத் தலையில் வைத்து நடந்ததில் கழுத்து நரம்பு முறுக்கிக்கொண்டது. அதற்கு மேல் பசி. அபார்ட்மென்ட் கேட்டில் கூடையை இறக்கக் கைகொடுத்த வாட்ச்மேன் தாமோதரன், அவள் விரலில் தொங்கிய கவரைப் பார்த்துவிட்டான்.

"இன்னா அது?"

"சாம்பார் சாதம். பஸ் ஸ்டாப்பாண்ட வாங்குனேன்."

"பிளாஸ்டிக் கவரு உள்ள வரக்கூடாது. போர்டு கீதுல்ல?"

"அப்போ முந்தானையில கட்டி எடுத்தாரவா?"

போர்டு வைத்தவள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயஸ்ரீ. கவரில் மீன் வாங்கினால் அபராதம் என்று வீட்டுக்கு வீடு சொன்னவளும் அவள்தான். போன மாதம் வெறுங்கையோடு இறங்கி வந்து சங்கரா மீன் கேட்டவளும் அவள்தான். பாத்திரம் எடுத்துவர மறுபடி மேலே போகச் சோம்பல். முத்தாலம்மாள் தன் கஞ்சித் தூக்கைக் கழுவி, அதில் மீனைப் போட்டுக் கொடுத்தாள். கல்யாணத்துக்கு அவள் அம்மா வாங்கிப் பேர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் தூக்கு. நாளைக்குத் தருகிறேன் என்று வாங்கிப் போன ஜெயஸ்ரீ இன்னும் தரவில்லை. அன்றிலிருந்து முத்தாலம்மாளுக்குக் கடைச் சோறு. அதுவும் கவரில்.

ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு ஜெயஸ்ரீ வந்தாள்.

"தாமோதரன், என்ன கவர் அது? எத்தனை தடவை சொல்றது?"

"என் தூக்கைக் குடு மேடம், கவரு வராது."

"திரும்பவும் அதுவா? வேலைக்காரி எங்கயாவது வச்சிருப்பா. ஒரு பழைய பாத்திரத்துக்கு தினம் சண்டையா?"

முத்தாலம்மாளின் கண் லிப்ட் பக்கம் போயிருந்தது. அங்கே புதிதாக ஒரு மேஜை. உடைந்த குக்கர், பெயின்ட் டப்பா, எல்லாவற்றிலும் செடி. 'பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம், பழைய பாத்திரம் போதும்' என்று ஓர் அட்டை. நடுவில் மணிபிளாண்ட் தழைத்த ஒரு தூக்கு.

தாமோதரனைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். கைப்பிடியைக் கழற்றியிருந்தார்கள். புள்ளி புள்ளியாக வெட்டிய பேர் மட்டும் அப்படியே இருந்தது.

"யாரு பேரு இது? படி."

ஜெயஸ்ரீ படிக்கவில்லை. "நல்ல விஷயத்துக்குத்தானே யூஸ் பண்ணிருக்கோம்? குரூப்ல எல்லாரும் பாராட்டினாங்க."

முத்தாலம்மாள் செடியை வேரோடு பிடுங்கி எறிந்தாள். மண் டைல்ஸில் சிதறியது. தூக்கை வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் துளைகள்.

"டிரில் போட்டியா? சோறு துன்ற பாத்திரத்துல ஓட்ட போட்டியா?"

"மண்ணை யார் கூட்டுவா? வேணும்னா மேல புது டப்பா ஒண்ணு இருக்கு, எடுத்துட்டுப் போ."

"பிளாஸ்டிக்கா?"

ஜெயஸ்ரீயின் முகம் சிவந்தது. "தாமோதரன், வெளிய அனுப்புங்க. நாளைலேர்ந்து இங்க மீன்காரங்க யாரும் வேண்டாம்."

முத்தாலம்மாள் ஓட்டைத் தூக்கை அவள் கையில் திணித்துவிட்டு வெளியே வந்தாள். போர்டுக்குக் கீழே உட்கார்ந்து, கவரைப் பிரித்து, கடைசிப் பருக்கை வரை தின்றாள். காலிக் கவரைக் கேட் கம்பியில் முடிந்துவிட்டு எழுந்து, உள்ளே நின்ற ஜெயஸ்ரீயைப் பார்த்துச் சொன்னாள்.

"மீனு வாங்காட்டி போ. நான் தெனம் வந்து நிப்பேன். நீ எனக்கு ஒரு தூக்கு தரணும். என் பேர வெட்டி, ஓட்டை இல்லாம."