தைத்து வைத்த ஏடு

பஞ்சைப் புனித நீரில் நனைத்து அப்பாவின் உதட்டில் வைத்தாள் ஸெமெனாய். உதடு உறிஞ்சவில்லை. நீர் வழிந்து தாடிக்குள் போனது. வாசல் பக்கம் கோயில் பண்டிதரான மரிகெத்தா ஹிருய் அறுபத்தொன்றாம் சங்கீதத்தை முடித்து, எச்சில் தொட்டு அப்பாவின் புத்தகத்தில் ஏட்டைப் புரட்டினார்.

இன்னும் நாற்பத்தேழு.

சாகக் கிடப்பவரின் பக்கத்தில் தாவீதின் சங்கீதங்களை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பது தெப்ரெ தாபோர் ஊர் வழக்கம். விடியற்காலையில் ஹிருய் ஆரம்பித்தார். மற்றவர்களுக்கு அது காதில் விழும் இரைச்சல். ஸெமெனாய்க்கு மட்டும் எண்ணிக்கை. நூற்றெட்டாம் சங்கீதம் வருவதற்குள் அப்பா ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

அங்குள்ள ஏட்டில் நூற்றெட்டு, மற்ற பைபிள்களில் நூற்றொன்பது, சாபச் சங்கீதம். ஒருவனுடைய நாட்கள் குறைய வேண்டும், அவன் வம்சம் அடுத்த தலைமுறையோடு அற்றுப்போக வேண்டும் என்று கேட்பது. தெப்ரெ தாபோரில் அதை ஒருவன் பேரில் ஏழு நாள் வாசித்தால் பலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வாசித்ததாக யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஸெமெனாய்க்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை, கோயில் பள்ளியில் பாடம் சொன்ன அப்பாவின் முதல் மாணவன். கல்யாணம் முடிந்த கையோடு குருப்பட்டம் வாங்க இருந்தவன். இரண்டு நாள் முன்னால் அவள் ஒரு லாரி டிரைவரோடு கோண்டருக்குப் போய்விட்டாள். அப்பா ஏழு நாள் கோயிலிலிருந்து வீட்டுக்கு வரவில்லையாம். அவளுக்குப் பிறந்த முதல் பிள்ளை நாற்பது நாளில் போனது. இரண்டாவது ஒரு வருஷம் இருந்தது. மூன்றாவது பெண், துருவெர்க், எப்படியோ தங்கினாள். துருவெர்க் இப்போது கோண்டர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். காலை ஆறு மணிக்கு வலி கண்டுவிட்டது.

"என்ன, காதுல ஏதாவது சொன்னாரா?" காபித் தட்டோடு உள்ளே வந்தாள் அண்ணன் பெண்டாட்டி பிர்க்கே.

"இல்ல அண்ணி."

"இருபத்தெட்டு வருஷம் இவரைப் பார்த்துக்கிட்டது நான். ஒரு நாள் வந்து பஞ்சு நனைச்சிட்டா போதுமா? யாருக்குக் கடைசி வார்த்தை கிடைக்கும்னு பார்ப்போம்."

"எனக்குக் கடைசி வார்த்தை வேணாம். அவிழ்த்துவிட்டா போதும்."

பிர்க்கேயின் முகம் மாறியது. தட்டைக் கீழே வைத்தாள். சாபத்தைக் கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். கட்டியவர் போய்விட்டால் அவிழ்க்க ஆளில்லை. சாமியார் வந்தாலும் ஆயர் வந்தாலும் அப்படித்தான்.

"அந்த ஏழு நாளும் சாப்பாடு எடுத்துட்டுப் போனது நான்தான்," என்றாள் குரலை இறக்கி. "கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில புத்தகம். உதடு மட்டும் அசைஞ்சுது. என்ன வாசிச்சார்னு எனக்கெப்படித் தெரியும்? எனக்கு எழுத்துத் தெரியுமா?"

எண்பத்து மூன்றில் ஹிருய் காபி குடிக்க நிறுத்தினார். ஸெமெனாய் வெளியே போனாள். அவர் பருத்திப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு நாற்பது வருஷம் சேர்ந்து படித்தவர், நாற்பது வருஷமும் சண்டை போட்டவர்.

"உங்கப்பன் இழுத்துக்கிட்டே கிடக்கான் பாரு. நான் தொண்டை கட்டிச் சாகணும்னு காத்திருக்கான்."

"மரிகெத்தா, நூற்றெட்டுக்கு அப்பா என்ன விளக்கம் சொல்வார்?"

அவர் கோப்பையை உதட்டிலிருந்து எடுத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏன் கேட்கிறாள் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

"எல்லாரும் சொல்றதைத்தான். ஒண்ணு, பாடினவர் தனக்குத் துரோகம் பண்ணவனைச் சபிக்கிறார். அன்தெம், அது துரோகி இவர்மேல விட்ட சாபம். இவர் அதை அப்படியே கடவுள்கிட்ட சொல்லி அழுவுறார்."

அன்தெம் என்றால் 'இன்னொரு விதமாகவும்'. இவர்களுடைய படிப்பே அந்தச் சொல்லில்தான் நடக்கும். ஒரு வரிக்கு ஒரு பொருள் சொல்லி, அன்தெம் என்று அடுத்த பொருள் சொல்வார்கள். சில வரிகளுக்கு ஆறு அன்தெம் உண்டு. சின்ன வயதில் உப்பு இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்டால்கூட இரண்டு பதில் வரும்.

"இதுல எது சரி?"

"ரெண்டும். ஒண்ணை மட்டும் தூக்கிட்டு ஓடுறவன் எங்ககிட்டத் தேற மாட்டான்."

"அப்பா எதை நம்பினார்?"

"அதை அவன்கிட்டக் கேளு. சீக்கிரம் கேளு." கோப்பையைக் கவிழ்த்துவிட்டு எண்பத்து நாலை ஆரம்பித்தார்.

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. மருமகன். "தலை திரும்பலையாம் அத்தை. ஆபரேஷன்னு சொல்றாங்க. ரத்தம் கேக்குறாங்க. நீங்க வேண்டிக்குங்க."

வேண்டிக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. ஹிருய் வேண்டுமென்றே இழுத்து வாசிக்கிறாரா, இல்லை அவளுக்குத்தான் அப்படிக் கேட்கிறதா? எப்படி இழுத்தாலும் எண் ஏறத்தான் செய்தது. நூற்றொன்றில் அவள் பாயில் முழங்கால் போட்டு, அப்பாவின் காதருகே குனிந்தாள். காதில் மெழுகு வாடையும் சாம்பிராணி வாடையும் அடித்தது.

"அப்பா. ஸெமெனாய்."

கண் திறக்கவில்லை. புருவம் ஏறியது.

"என் பேர்ல நூற்றெட்டை வாசிச்சீங்களா?"

பிர்க்கே கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"துருவெர்க்குக்கு இடுப்புவலி அப்பா. ஆபரேஷன் பண்ணப் போறாங்க. வாசிச்சிருந்தா அவிழ்த்துவிடுங்க. 'கடவுள் அவிழ்க்கட்டும்'னு ஒரே வார்த்தை. திட்டணும்னா அப்புறம் திட்டுங்க."

பிறகு வலது கை போர்வைக்கு வெளியே வந்து, ஒரு விரல் நிமிர்ந்தது. பாடம் சொல்லும்போது நிமிர்கிற விரல்.

"ஒண்ணு," என்றார். "வாசிச்சேன்."

ஸெமெனாய் இன்னும் நெருங்கிக் குனிந்தாள். இரண்டாவது விரல் மெல்ல நிமிர்ந்தது.

"அன்தெம்..."

வாய் திறந்தே இருந்தது. அவள் அந்த வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாக்கு எழும்பினால் போதும். ஒரு ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தது. அவள் அதை விரட்டிவிட்டு, இன்னும் காத்திருந்தாள். இரண்டு விரலும் தாமாக மடங்கின பிறகுதான் பிர்க்கே மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள்.

"சொல்லலையே," என்றாள் ஸெமெனாய். "அண்ணி, இன்னொண்ணைச் சொல்லலையே."

வெளியே ஹிருயின் குரல் நின்றது. ஒரு செருமல் கேட்டது. பிறகு நூற்றிரண்டு தொடர்ந்தது. பொழுது சாயுமுன் அடக்கம் செய்ய வேண்டும். அதற்குள் வாசிப்பு முடிய வேண்டும்.

உடலைக் கழுவினார்கள். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, வெள்ளைத் துணியில் வைத்துத் தைக்க ஊசியும் பிளேடும் கொண்டுவந்தார்கள். ஸெமெனாய் தைத்தாள். நூற்றைந்து. நூற்றாறு. ஊசி இரண்டு முறை அவள் விரலில் ஏறியது. நூற்றேழு முடிந்தபோது எழுந்து காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடத்தான் நினைத்திருந்தாள். ஆனால் நூற்றெட்டு வரவில்லை.

ஹிருய் புத்தகத்தோடு உள்ளே வந்தார். அப்பாவின் புத்தகம், தோல் ஏடு. ஓரமெல்லாம் விரல் அழுக்கேறி ஆட்டுக் குளம்புபோலக் கறுத்திருந்தது.

"இங்க பாரு," என்றார். நூற்றெட்டு உள்ள இரண்டு ஏடுகள் விளிம்போடு விளிம்பாகச் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. கடையில் விற்கிற சாதாரண வெள்ளை நூல். "இத்தனை வருஷமா இந்தப் புத்தகத்தை என்கிட்டக் கொடுத்ததே இல்ல, கஞ்சன். ஏன்னு இப்பத்தான் தெரியுது."

"மனப்பாடமா சொல்லிடுங்க," என்றாள் ஸெமெனாய்.

"சொல்லுவேன். ஏடு மூடிக் கிடந்தா வாசிச்ச கணக்கில்ல. ஒண்ணைத் தாண்டிட்டு அவனை எப்படிக் குழியில இறக்குறது?" புத்தகத்தை அவள் மடியில் வைத்தார். "நான் வெட்ட மாட்டேன். எனக்கும் பேரப் பிள்ளைங்க இருக்கு."

பிர்க்கே சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினாள்.

ஸெமெனாய் பிளேடை எடுத்தாள். முதல் முறை ஏட்டின் தோலில் கீறல் விழுந்தது. பிறகு ஒவ்வொரு தையலாக அறுத்தாள். ஏடுகள் மெல்லிய சத்தத்தோடு பிரிந்தன. உள்ளே பக்கம் வெளுப்பாக இருந்தது. ஓரத்தில் விரல்பட்ட கறை இல்லை. அதனால் என்ன? அப்பாவுக்கு வாசிக்கப் புத்தகம் தேவையா?

வெள்ளை நூல் உருவி வந்த துளைகள் ஒரு வரிசையாக இருந்தன. அதற்கு உள்பக்கம், ஒரு நெல் அகலம் தள்ளி, இன்னொரு வரிசை. பழைய துளைகள். பெரிய ஊசி, விளிம்பு பழுத்துப் பழுப்பாகியிருந்தது. ஒரு துளையில் மட்டும் சிவப்பு நூலின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பா முன்பும் தைத்திருக்கிறார். பிரித்திருக்கிறார். மறுபடி தைத்திருக்கிறார்.

"மரிகெத்தா..."

"பார்த்தேன்," என்றார் ஹிருய். குனிந்து, அவள் மடியிலிருந்தபடியே நூற்றெட்டை வாசித்தார். மெதுவாக, ஒரு சொல்லையும் விழுங்காமல் வாசித்தார். ஸெமெனாய் காதைப் பொத்தவில்லை. புத்தகத்தைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

வாசித்து முடித்ததும் அவர் புத்தகத்துக்குக் கை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க," என்று பிரிந்த இரண்டு ஏடுகளையும் சேர்த்து வைத்தாள்.

அப்பாவின் துணியைத் தைத்த ஊசியில் நூல் தீர்ந்திருந்தது. புதிதாக ஒரு முழம் அறுத்து, நுனியை எச்சிலில் நனைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இடுப்பில் போன் அதிர ஆரம்பித்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஊசியின் காதைத் தேடினாள்.